பெயர் சொல்லாத கார்டுகள்

1999இல் விழுப்புரத்தில் தெரிந்தவர் ஒருவர் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். இரண்டே மெஷின். ஜாப் டைப்பிங்கும் பிரிண்ட் அவுட்டும்தான் வருமானம். பி.இ. படித்துக்கொண்டிருந்த நான் "ரெண்டையும் நெட்வொர்க்ல இணைச்சுத் தரேன்" என்று பெருமையாகச் சொல்லி, என்இ2000 வகை கார்டுகளைச் செருகி லினக்ஸ் போட்டேன். நெட்வொர்க் வந்தது. ஒரு மெஷினில் பிரிண்டர் செத்தது. மூன்று நாள் வருமானம் போச்சு.

நான் கர்னலைத் திரும்பத் திரும்ப கம்பைல் செய்துகொண்டிருந்தேன். கடைசியில் திண்டிவனத்திலிருந்து மெக்கானிக் அண்ணன் வந்தார். கேபினெட்டைக் கழற்றி ஜம்பரைப் பார்த்தார். "360ல வச்சிருக்க தம்பி, அது பிரிண்டர் மேல போய் உக்காந்திருக்கு" என்றார். ஜம்பரை 300க்கு மாற்றினார். ஒரு துண்டுச் சீட்டில் "300, 5" என்று எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டினார். பத்து நிமிஷம்தான்.

காரணம் எளிது. என்இ2000 கார்டுக்கு 32 போர்ட் முகவரிகள் வேண்டும். ஹெக்ஸ் 360இல் தொடங்கினால் 37எஃப் வரை போகும். பிரிண்டர் போர்ட் இருப்பது 378இல். இரண்டும் மோதின. சீட்டில் இருந்த 5, கார்டின் இன்டரப்ட் எண்.

இதை டிரைவரே கண்டுபிடித்திருக்கக் கூடாதா? அங்கேதான் வரலாறு இருக்கிறது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் ஸ்லாட்டும், 1984இல் ஏடி மாடலில் 16 பிட்டாக விரிந்த ஸ்லாட்டும் (பின்னாளில் ஐஎஸ்ஏ என்று பெயர் பெற்றவை) கார்டைப் பார்த்து "நீ யார்?" என்று கேட்க வழியே வைக்கவில்லை. டிரைவர் குத்துமதிப்பாகத்தான் தேட வேண்டும். டொனால்ட் பெக்கர் எழுதிய லினக்ஸின் என்இ டிரைவர் 300, 280, 320 என்று வரிசையாகத் தட்டிப் பார்க்கும். கார்டின் நினைவகத்தைப் படித்து, குறிப்பிட்ட இடத்தில் ஹெக்ஸ் 57 இரண்டு முறை வருகிறதா என்று பார்க்கும். வந்தால் இது என்இ2000.

ஆனால் தட்டுவதே ஆபத்து. அந்த முகவரியில் வேறு கார்டு இருந்தால், சும்மா படித்தாலே அதன் நிலை மாறலாம், மெஷின் உறைந்தும் போகலாம். அதனால்தான் இதே டிரைவரை மாட்யூலாக ஏற்றினால் தேட மறுத்துவிடும். முகவரியை நீயே சொல்லு என்று கேட்கும். விண்டோஸ் 95 வேறு வழியில் போனது. தேடும்போதே ஒரு கோப்பில் குறித்துக்கொண்டே வரும். மெஷின் உறைந்துபோனால், அடுத்த முறை அந்தக் குறிப்பைப் பார்த்து அந்த இடத்தைத் தாண்டிவிடும்.

1993இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் பிளக் அண்ட் பிளே ஐஎஸ்ஏ விதிமுறையைக் கொண்டுவந்தன. எல்லா கார்டும் ஒரே கம்பியில் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒன்றை மட்டும் எப்படிப் பிரிப்பது? விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் "தம்பி" என்று கூப்பிட்டால் பத்து பேர் திரும்புவார்கள், இல்லையா? அதே சிக்கல்தான். முதலில் 279 போர்ட்டில் 32 பைட் ரகசிய வரிசையை எழுதி எல்லாரையும் எழுப்புவார்கள். அது பிரிண்டர் நிலையைப் படிக்க மட்டுமே உள்ள போர்ட், அங்கே எழுதினால் பழைய கார்டுகளுக்குக் கேடில்லை. பிறகு ஒவ்வொரு கார்டின் 72 பிட் அடையாள எண்ணையும் பிட் பிட்டாகக் கேட்பார்கள். தன் பிட் 1 என்றால் கார்டு 55, ஏஏ என்று பதில் தரும். 0 என்றால் வாய் மூடிக் கவனிக்கும். வேறு யாரோ பதில் சொல்வது கேட்டால் அந்தச் சுற்றிலிருந்து விலகிவிடும். 72 பிட் முடியும்போது ஒரே கார்டு மிஞ்சும். அதற்கு ஒரு எண் கொடுத்துவிட்டு, மிச்சம் உள்ளவர்களுக்கு மறுபடி ஆரம்பம். எல்லாருக்கும் எண் கிடைத்த பின், மோதாத முகவரிகளை மென்பொருளே பிரித்துக்கொடுக்கும். ஜம்பர் வேண்டாம்.

இதே காலத்தில் வந்த பிசிஐ பிரச்சினையை வேரிலேயே தீர்த்தது. ஒவ்வொரு ஸ்லாட்டையும் தனியாகக் கேட்கலாம். கார்டு தயாரிப்பாளர் எண்ணைச் சொல்லும். காலி ஸ்லாட் என்றால் எஃப்எஃப்எஃப்எஃப் வரும். கேட்பதால் யாருக்கும் சேதமில்லை.

அப்போ அண்ணனின் சீட்டு முடிந்த கதையா? ராஸ்பெர்ரி பை போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிப்புக்குள் இருக்கும் பல சாதனங்களும் தாமாகப் பெயர் சொல்லாது. எது எந்த முகவரியில், எந்த இன்டரப்டில் என்று மனிதர் எழுதிவைத்த டிவைஸ் ட்ரீ கோப்பைத்தான் லினக்ஸ் படிக்கிறது. "300, 5" என்ற அதே சீட்டுதான், கோப்பு வடிவில்.

விதிமுறைகளை எழுதியவர்களின் பெயர் ஆவணங்களில் இருக்கிறது. நம் ஊர் மெஷின்களை ஓடவைத்த சீட்டுகள் கேபினெட்டோடு காயலான் கடைக்குப் போகின்றன. உங்கள் வீட்டுப் பரணில் பழைய பிசி இருந்தால், எடைக்குப் போடும் முன் மூடியைத் திறந்து உள்பக்கம் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள்.