'இதுக்கு முன்னாடி நல்லாத்தானே வெடிச்சது?' பழைய பீரங்கியை ஏன் நம்பக் கூடாது?

அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் 2021 பிப்ரவரியில் ஒரு வளைகாப்பு விருந்து. கொண்டாட்டத்துக்காக வீட்டுத் தோட்டத்தில் ஒரு சின்ன பீரங்கியைப் பற்ற வைத்தார்கள். உள்ளே குண்டு எதுவும் இல்லை, வெறும் கருமருந்துதான். ஆனால் பீரங்கியே சிதறியது. 10, 15 அடி தள்ளி நின்றிருந்த 26 வயது விருந்தாளி, இரும்புத் துண்டு தாக்கி உயிரிழந்தார். நிறுத்தியிருந்த கார்கள் மீதும் துண்டுகள் பாய்ந்தன.

அமெரிக்காவில் தாத்தா காலத்தில் பட்டறையில் கடைந்த பீரங்கி பல வீடுகளில் உண்டு. ஜூலை 4 சுதந்திர தினம் வந்தால் வெளியே எடுப்பார்கள். பழைய பாணியில் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பீரங்கிகளுக்கு அங்கே மத்திய அரசின் துப்பாக்கிச் சட்டம் பெரும்பாலும் பொருந்தாது. அதனால் 'இது பாதுகாப்பானதா?' என்று முடிவு செய்யும் பொறுப்பு கடைசியில் வீட்டுக்காரர் தலையில்தான் விழுகிறது.

முதல்ல பார்க்க வேண்டியது என்ன?

உள்ளே ஏற்கெனவே மருந்து இருக்கா என்பதைத்தான். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பல காலம் காட்சிக்கு இருந்த ஒரு பழைய கப்பல் பீரங்கியை 2013 ஜனவரியில் துரு நீக்கச் சுத்தம் செய்தார்கள். உள்ளே சுமார் 800 கிராம் கருமருந்தும் ஒரு குண்டும் இருந்தன. போலீஸ் வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அப்புறப்படுத்தினார்கள். கருமருந்து நனையாமல் இருந்தால், எவ்வளவு காலம் ஆனாலும் அதற்கு வயசாகாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மரக்குச்சி போதும். வாய்வழியாக மெதுவாக உள்ளே விட்டு, எவ்வளவு ஆழம் போகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அதே குச்சியைக் குழாயின் வெளிப்பக்கம் வைத்துப் பார்த்தால், அதன் முனை பின்பக்கத் திரித்துளை அருகே வர வேண்டும். அதற்கு முன்பே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அதைக் குடைந்து எடுக்கப் பார்க்கக் கூடாது. போலீசுக்குத் தகவல் சொல்வதுதான் வழி.

எதில் செய்தது?

வீட்டில் செய்த பீரங்கியில் பெரிய சிக்கலே இதுதான். என்ன உலோகம், எப்படிச் செய்தார்கள் என்பதற்கு ஒரு காகிதமும் இருக்காது. தண்ணீர்க் குழாயை வெட்டி, ஒரு முனையில் மூடி போட்டு வெல்டிங் வைத்திருந்தால் பேச்சே இல்லை, அதைச் சுடக் கூடாது. குழாயின் நீளவாக்கு இணைப்பும் பின்மூடியும்தான் முதலில் விட்டுக்கொடுக்கும் இடங்கள். பின்மூடி கழன்றால் அது பற்ற வைப்பவர் நிற்கும் பக்கம்தான் பாயும்.

வார்ப்பிரும்பு இன்னும் மோசம். வெண்கலம் உடைவதற்கு முன் பெரும்பாலும் வீங்கிக் காட்டும், அது ஒரு எச்சரிக்கை. வார்ப்பிரும்பு எதையும் காட்டாமல் நொடியில் சில்லு சில்லாகும். அதனால்தான் வரலாற்றுப் போர்களை நடித்துக் காட்டும் குழுக்கள், வார்ப்பிரும்புப் பீரங்கி என்றால் உள்ளே இணைப்பே இல்லாத எஃகுக் குழாய் பொருத்தியிருக்கணும் என்று கறாராகக் கேட்கிறார்கள். மருந்து தங்கும் இடத்தில் சுவரின் தடிமன், குறைந்தது துளையின் விட்டம் அளவாவது இருக்க வேண்டும் என்பது அவர்களிடம் புழங்கும் பொதுக் கணக்கு.

துருவும் சும்மா விடாது. கருமருந்துப் புகைக்கரி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சுட்ட பிறகு கழுவாமல் வைத்த பீரங்கியின் அடிப்பகுதியில் குழி குழியாக அரித்திருக்கும். வெளியே பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருக்கும், உள்ளே யார் பார்த்தது?

டெஸ்ட் பண்ணிப் பார்த்தா போதாதா?

அதிக மருந்து போட்டு, தூரத்திலிருந்து ஒரு தடவை வெடித்துப் பார்ப்பது பலரும் சொல்லும் யோசனை. அதைத் தாங்கினால் அன்றைக்குத் தாங்கியது என்பது மட்டும்தான் தெரியும். அந்த அதிர்ச்சியிலேயே உள்ளே மெல்லிய விரிசல் விழுந்திருக்கலாம், ஒவ்வொரு வெடிப்புக்கும் அது கொஞ்சம் நீளும்.

1844 பிப்ரவரி 28 இதற்குச் சாட்சி. அமெரிக்கக் கடற்படையின் பிரின்ஸ்டன் கப்பல், பொட்டோமாக் நதியில் அதிபர் ஜான் டைலர் உள்ளிட்ட விருந்தாளிகளோடு சென்றது. 'பீஸ்மேக்கர்' என்ற 12 அங்குல பீரங்கியைச் சுட்டுக் காட்டினார்கள். அன்றே முன்பு சுட்டபோது எல்லாரும் கைதட்டினார்கள். கடைசித் தடவை அதன் பின்பகுதி வெடித்தது. வெளியுறவு அமைச்சர் ஏபெல் அப்ஷர், கடற்படை அமைச்சர் தாமஸ் கில்மர் உட்பட 6 பேர் பலி. டைலர் கீழ்த்தளத்தில் இருந்ததால் தப்பினார். இரும்புத் துண்டுகளைச் சூடேற்றி அடித்து இணைத்தது சரியாக ஒட்டவில்லை என்று பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் இருப்பதும் இதே போல அடித்து இணைத்த வகைதான்.

அப்போ என்ன செய்யலாம்?

உள்ளே மருந்து இல்லை என்று உறுதியான பிறகு, சந்தேகம் இருந்தால் உலோகச் சோதனைக்கூடத்தில் அல்ட்ராசோனிக் அல்லது எக்ஸ்ரே எடுக்கலாம். மறைந்த விரிசல் பல அதில் தெரியும். ஆனால் செலவு, புதிதாக ஒன்றை முறையாகச் செய்து வாங்கும் விலையை நெருங்கலாம். சுடவே போவதில்லை என்றால் திரித்துளையை நிரந்தரமாக அடைத்து வாசலில் வைக்கலாம். பிரின்ஸ்டன் கப்பலில் இருந்த இன்னொரு பீரங்கி 'ஓரிகன்'. சோதனையில் விரிசல் தெரிந்ததும் அதற்கு இரும்பு வளையங்கள் மாட்டினார்கள். அது இன்றும் அனாபொலிஸ் கடற்படை அகாடமியில் முழுசாக நிற்கிறது.