முதுகுவலியும் கருவியற்ற தேகப்பயிற்சியும்: ஒரு சரித்திர ஆராய்ச்சி

முன்னுரை

இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரும் ஒருவரைப் படுக்கையில் கிடத்தி, வலி தானே அடங்கும்வரை அசையாதிருக்கச் செய்வதே வைத்தியம் என்று கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இன்றோ, அவரையே தரையில் ஒரு ஜமக்காளத்தின்மேல் படுக்கவைத்து, இரும்புக் குண்டும் யந்திரமும் யாதொன்றும் இன்றி, அவருடைய உடலின் பாரத்தையே சாதனமாகக் கொண்டு, முழங்காலை மடக்கவும் இடுப்பை உயர்த்தவும் மார்பை நிமிர்த்தவும் இயன்முறைச் சிகிச்சையாளர் கற்பிக்கிறார். இம்மாறுதல் எவ்வாறு நேர்ந்தது என்று ஆராயப் புகுவோர்க்கு முதலில் தோன்றுவது, இன்ன பயிற்சியை இன்னார் கண்டார் என்னும் வரிசையே. ஆயினும் அவ்வரிசையின் அடியில் வேறொரு சரித்திரம் ஓடுகிறது: நோயாளியின் முதுகை அசைக்கும் அதிகாரம் யாருடைய கையில் இருந்தது, அது எவ்வாறு படிப்படியாக நோயாளியின் கைக்கே வந்து சேர்ந்தது என்பது. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஸ்வீடன் மரபு

1813ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் தேகப்பயிற்சிக்கென அரசாங்க ஆதரவுடன் ஒரு மத்திய ஸ்தாபனத்தை நிறுவிய பேர் ஹென்ரிக் லிங் (1776–1839), பயிற்சியைப் போர்வீரர்க்கும் மாணவர்க்கும் மட்டுமே உரியதாகக் கொள்ளாமல், நோய் தீர்க்கும் உபாயமாகவும் கொண்டார். அவருடைய மரபில், நோயாளி ஓர் அங்கத்தை அசைக்கப் பயிற்றுநர் தம் கையால் அதற்கு அளவான எதிர்ப்பைக் கொடுப்பார். அன்றி, நோயாளி தளர்ந்திருக்கத் தாமே அவ்வங்கத்தை அசைப்பார். பயிற்றுநரின் கை ஒரே சமயத்தில் ஒருவருக்கே உதவக்கூடியது. ஆதலால் அதே நகரில் 1865இல் குஸ்தாவ் சாண்டர் என்னும் வைத்தியர் அக்கையின் ஸ்தானத்தில் நெம்புகோலும் பளுவும் பூட்டிய யந்திரங்களை வைத்தார். அவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிப் புகழ்பெற்றன. எனினும் யந்திரம் இருந்த இடத்திற்கு நோயாளி சென்றாரேயன்றி, நோயாளியின் வீட்டுக்கு யந்திரம் வரவில்லை.

இதே காலத்தில் வைத்திய உலகின் பெரும்பகுதி எதிர்த்திசையில் நடந்தது. ஓய்வின் மகத்துவத்தை வற்புறுத்தி லண்டனில் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன் நிகழ்த்திய சொற்பொழிவுகள் 1863இல் நூலாக வெளிவந்தன. முறிந்த எலும்புக்கும் வீங்கிய மூட்டுக்கும் நன்மை பயந்த அவ்வுபதேசம் முதுகுவலிக்கும் அப்படியே பொருந்தும் என்று பின்வந்தோர் கொண்டதன் விளைவாக, படுக்கை ஓய்வே நெடுங்காலம் பிரதான சிகிச்சையாக நிலவியது.

குனிதலும் நிமிர்தலும்

முதுகெலும்புகளின் இடையேயுள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவது காலில் இறங்கும் வலிக்குக் காரணமாகும் என்று பாஸ்டன் வைத்தியர்களான மிக்ஸ்டரும் பாரும் 1934இல் எடுத்துக்காட்டியது முதல், ஆராய்ச்சியாளரின் கவனம் அவ்வட்டின்மேல் பதிந்தது. மூன்றாண்டுகளுக்குப் பின், 1937இல், டல்லாஸ் நகரத்து எலும்பு மருத்துவர் பால் வில்லியம்ஸ் தம் கொள்கையை வெளியிட்டார். நிமிர்ந்து நிற்கும் மனிதன் இடுப்பின் உள்வளைவை மிகுவித்து, வட்டுகளின் பின்பகுதியில் பாரத்தை ஏற்றித் தன் முதுகைக் கெடுத்துக்கொள்கிறான் என்று கருதிய அவர், அவ்வளைவைத் தட்டையாக்கும் பயிற்சிகளை வகுத்தார். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி இடுப்பைத் தரையோடு அழுத்துதல், முழங்கால்களை மார்போடு அணைத்தல், தலையையும் தோளையும் மெல்ல உயர்த்துதல், குந்தி எழுதல் ஆகியவை அவற்றுள் சில. பல பதிற்றாண்டுகள் இவையே மருத்துவமனைகளில் ஆட்சி செய்தன.

அந்தச் சித்தாந்தத்தின் அஸ்திவாரத்தை அசைத்தவர் ஸ்வீடனின் ஆல்ஃப் நாகெம்சன். உயிருள்ள மனிதரின் வட்டுக்குள் ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்த அவர், நிற்பதைக் காட்டிலும் உட்காருவதிலும், முன்புறம் குனிவதிலும் அது மிகுவதைக் கண்டார். எனவே குனிதலை மாத்திரம் ஔஷதமாகக் கொள்வது ஐயத்துக்கு இடமாயிற்று.

இதற்கிடையே நியூசிலாந்தின் வெல்லிங்டன் நகரில், 1956ஆம் ஆண்டில், ஒரு தற்செயல் நிகழ்ச்சி நேர்ந்தது. முதுகும் காலும் வலித்த ஒரு நோயாளி, தலைப்பக்கம் உயர்த்தப்பட்டிருந்த மேசையில், அதைத் தாழ்த்துவார் இன்மையால், அவ்வாறே குப்புறப் படுத்து, முதுகு பின்னோக்கி வளைந்த நிலையில் சில நிமிஷங்கள் கிடந்தார். உள்ளே வந்த இயன்முறைச் சிகிச்சையாளர் ராபின் மெக்கன்சி (1931–2013), தீங்கு நேர்ந்திருக்குமோ என்று அஞ்சினார். நோயாளியோ கால்வலி நீங்கிவிட்டதாகத் தெரிவித்தார். வேறொருவர் விந்தையென்று விட்டிருக்கக்கூடிய இதனை மெக்கன்சி விடாது ஆராய்ந்து, எந்த அசைவால் வலி காலைவிட்டு முதுகின் நடுவை நோக்கிச் சுருங்குகிறதோ அதுவே அந்த நோயாளிக்கு உரிய பயிற்சி என்னும் விதியை அடைந்தார். நிமிர்தலால் பலர் குணமடைந்தனர். குனிதலால் குணமடைவோரும் உண்டென அவரே ஒப்புக்கொண்டார். 1980இல் அவர் வெளியிட்ட சிறு நூல், உன் முதுகுக்கு நீயே சிகிச்சை செய்துகொள் என்னும் கருத்தைத் தலைப்பிலேயே தாங்கியிருந்தது. திசையைத் தீர்மானிக்கும் பிரமாணம் வைத்தியரின் கொள்கையிலிருந்து நோயாளியின் அனுபவத்துக்கு மாறியதே அவருடைய தலையாய பங்களிப்பு என்பது என் அபிப்பிராயம்.

தசையின் பலம்

அன்றைய ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த மலையேறி, டாக்டர் ஹான்ஸ் க்ராஸ், திசையைவிடத் தசையை முக்கியமாகக் கொண்டார். அவரும் சோனியா வெபரும் அமைத்த 6 சோதனைகளில் உடலின் பாரத்தைத் தவிர வேறு பாரம் இல்லை. 1954இல் வெளியான ஆய்வில் அமெரிக்கச் சிறுவருள் 57.9 சதவீதத்தினரும் ஐரோப்பியச் சிறுவருள் 8.7 சதவீதத்தினரும் இவற்றில் தவறினர் என்ற செய்தி ஐசன்ஹோவர் அரசாங்கத்தையே கலங்கச் செய்தது. அறுவை சிகிச்சைகளாலும் ஊசிகளாலும் முதுகுவலி நீங்காத ஜனாதிபதி கென்னடிக்கு 1961இல் க்ராஸ் அளித்ததும் பயிற்சியே.

பரிசோதனைகளின் தீர்ப்பு

ரிச்சர்ட் டேயோவும் சகாக்களும் 203 நோயாளிகளிடம் நடத்தி 1986இல் வெளியிட்ட ஆய்வில், 7 நாள் படுக்கை ஓய்வுக்குப் பதில் 2 நாளே போதும் என்று புலப்பட்டது. ஹெல்சிங்கியில் நடத்தப்பட்டு 1995இல் வெளியான ஆய்வோ, புதிதாக வலி கண்ட 186 பேருள், படுத்திருந்தோரையும் பயிற்சி செய்தோரையும்விட, இயன்ற அளவு தம் அன்றாட வேலையைத் தொடர்ந்தோரே விரைவில் தேறினர் என்று காட்டியது. பயிற்சியில் பற்றுள்ளோரும் இதனை மறைத்தல் தகாது. பயிற்சியின் உண்மையான களம் நாட்பட்ட வலியே. 2021இல் காக்ரேன் அமைப்பு 249 பரிசோதனைகளைத் தொகுத்து நோக்கி, நாட்பட்ட முதுகுவலிக்குப் பயிற்சி அநேகமாகப் பயன் தரும் என்று முடிவு செய்தது. சென்னையில் யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் வழியில் தேசிகாசார் வளர்த்த யோக முறையும் இப்பரிசோதனைக்கு உட்பட்டது: 2005இல் சியாட்டிலில் 101 பேரிடம் நடந்த ஆய்வில், 12 வாரம் அதனைப் பயின்றோர், கைப்புத்தகம் மட்டும் பெற்றோரைவிட நன்கு தேறினர்.

முடிவுரை

குனிதல், நிமிர்தல், வலுப்படுத்தல், ஆசனம் ஆகிய இவற்றுள் ஒன்று மட்டுமே மெய் என்று வாதித்தோர் பலர். ஆயினும் ஒரு முறைக்கும் மற்றொன்றுக்கும் உள்ள பேதம், அவ்வாதங்கள் கூறிய அளவுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. கால் மரத்துப் பலமிழந்தாலும், சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலும் தாமதமின்றி வைத்தியரை நாடவேண்டும் என்பதில் ஐயமில்லை. அத்தகைய ஆபத்து இல்லாத பெரும்பாலோர்க்கு இச்சரித்திரம் அளிக்கும் செல்வம் ஒன்றுண்டு. லிங்கின் காலத்தில் முதுகை அசைத்தது பயிற்றுநரின் கை. சாண்டரின் காலத்தில் யந்திரத்தின் கை. இன்று, விரிப்பில் குப்புறப் படுத்துத் தன் இரு உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றி மார்பை மெல்ல உயர்த்தும் நோயாளியின் சொந்தக் கை.