நோயும் வங்குரோத்தும்

நோயுற்றவன் கடனாளியாவது இயற்கையின் நியதியன்று. அது சமுதாய அமைப்பின் விளைவு. செல்வத்தில் முதன்மை பெற்ற ஐக்கிய அமெரிக்காவிலே, வைத்தியச் செலவைத் தாங்கமாட்டாத மக்கள் வங்குரோத்துச் சட்டத்தைத் தஞ்சமடைவதை நாம் காண்கிறோம். அத்தஞ்சம் எவ்வாறு தோன்றியது? அதன் எல்லை யாது?

பண்டைய உரோமாபுரியின் பன்னிரு பலகைச் சட்டம், கடனைத் தீர்க்க இயலாதவனைத் தைபர் நதிக்கு அப்பால் அடிமையாக விற்க இடமளித்தது. இங்கிலாந்திலே 1705ஆம் ஆண்டுச் சட்டம், தன் உடைமையை ஒளிக்காது ஒப்படைத்த கடனாளியை எஞ்சிய கடனிலிருந்து விடுவித்தது. ஆனால், அச்சலுகை வணிகருக்கு மட்டுமே உரியதாயிருந்தது. ஏனையோருக்குச் சிறையே கதி. நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸின் தந்தை 1824இல் லண்டன் மார்ஷல்சி சிறையில் அடைபட்டது இவ்வாறே. வணிகன் நொடித்தால் துரதிர்ஷ்டம். எளியவன் நொடித்தால் குற்றம்! இதுவே அன்றைய நீதி.

அமெரிக்காவில் 1800, 1841, 1867 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட வங்குரோத்துச் சட்டங்கள் நீடிக்கவில்லை. 1898ஆம் ஆண்டுச் சட்டமே நிலைபெற்றது. 1934இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், விடுவிக்கப்பட்ட கடனாளியின் வருங்கால ஊதியத்தின் மீது கடன் நிறுவனம் கோரிய உரிமையை மறுத்தது. நேர்மையான கடனாளி வாழ்வைப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை.

1978ஆம் ஆண்டுச் சட்டக்கோவை இரு வழிகளை வகுத்தது. ஏழாம் அத்தியாயத்தின்படி, சட்டம் காக்கும் உடைமைகள் போக மற்றவை விற்கப்பட்டு, ஆஸ்பத்திரிக் கடன் உட்படப் பெரும்பாலான கடன்கள் நீக்கப்படும். பதின்மூன்றாம் அத்தியாயத்தின்படி, மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை வருமானத்திலிருந்து தவணை செலுத்த வேண்டும். 2005ஆம் ஆண்டுத் திருத்தம், வருமானப் பரிசோதனையைப் புகுத்தி முதல் வழியை ஒடுக்கியது. தன்னிடம் பணமில்லை என்று நிறுவுவதற்கே வழக்கறிஞருக்குப் பணம் தேட வேண்டிய விந்தையும் உண்டு.

இனி, கடனின் மூலத்தை நோக்குவோம். 1929இல் டல்லஸ் நகர ஆசிரியர்கள் மாதம் 50 சதம் செலுத்தி, ஆண்டுக்கு 21 நாள் ஆஸ்பத்திரிச் சிகிச்சை பெறும் ஏற்பாட்டில் இணைந்தனர். காலப்போக்கில் இத்தகைய காப்புறுதி தொழிலோடு பிணைக்கப்பட்டது. 1945இல் ஜனாதிபதி ட்ரூமன் தேசிய சுகாதாரக் காப்புறுதியை முன்மொழிந்தபோது, அமெரிக்க வைத்தியர் சங்கம் அதனைச் ‘சோஷலிச வைத்தியம்’ என்று எதிர்த்தது. திட்டம் தோற்றது. பிரித்தானியாவோ 1948 ஜூலை 5இல் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கியது. 1965இல் அமெரிக்க முதியோருக்கும் வறியோருக்கும் அரசுத் திட்டங்கள் கிடைத்தன. உழைக்கும் மக்களிற் பெரும்பாலோர் முதலாளி வழங்கும் காப்புறுதியையே நம்பியிருந்தனர். கடும் நோய் வேலையைப் பறிக்கும்போது காப்புறுதியையும் பறித்துவிடுகிறது. மருந்து மிகத் தேவைப்படும் வேளையிலேயே அதனைப் பெறும் வழி அடைபடுகிறது!

வங்குரோத்துகளில் நோயின் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞர் முரண்படுகின்றனர். 2009இல் வெளியான ஆய்வு 62 சதவீதம் என்றது; ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டோரை ஆராய்ந்த 2018ஆம் ஆண்டு ஆய்வு 4 சதவீதம் என்றது. ஆயினும், கடன் தரப்பதிவுகளில் 8,800 கோடி டொலர் வைத்தியக் கடன் காணப்படுவதாக 2022இல் அரசு நிறுவனமொன்றே அறிவித்தது. நீதிமன்றப் படியேறாமலே நசுங்குவோர் பலர் என்பது இதனால் வெளிப்படை.

வங்குரோத்து உரிமையை நாம் இழித்துரைக்கவில்லை. சிறைக்குப் பதிலாக விடுதலையை வைத்த சட்டம் மனித குலத்தின் முன்னேற்றமே. ஆனால், அது பழைய கடனைத்தான் அழிக்கும்; நாளைய சிகிச்சைக்கு வழி செய்யாது. ஏழாம் அத்தியாயத்தின் கீழ் ஒருமுறை விடுதலை பெற்றவர், மீண்டும் அவ்வழியை நாட எட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நீரிழிவும் புற்றுநோயும் எட்டு ஆண்டுகள் காத்திருப்பதில்லை. வைத்தியம் விற்பனைப் பண்டமாக இருக்கும்வரை, கடனை மன்னிக்கும் சட்டம் கடனை உண்டாக்கும் அமைப்பின் பின்னே ஓடிக்கொண்டுதான் இருக்கும்.