செவிலி

சங்க அகப்பாடல்களில் தலைவியைப் பெற்றவள் நற்றாய்; வளர்த்தவள் செவிலி. தோழி இந்தச் செவிலியின் மகள் என்கிறது தொல்காப்பியம். மேனி வாடுவதையும் வளை கழல்வதையும் கண்டு பெண்ணின் மனத்தைக் கணிக்கப் பார்ப்பவள் செவிலி. காதல் நோயை முருகன் குற்றம் என்று எண்ணி வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துவதும் உண்டு. கணிப்பு எப்போதும் பலிக்காது!

இன்று செவிலியர் என்றால் நர்ஸ். வார்டில் கூப்பிடுவது என்னவோ ‘சிஸ்டர்’ என்றுதான். பழைய செவிலியைப் போலவே இவர்களும் பிறர் மனத்தைக் கணிக்க வேண்டியிருக்கிறது. பிறர் உணர்வை அறிவதையும் தன் உணர்வை ஆள்வதையும் உணர்வுசார் நுண்ணறிவு என்று 1990இல் உளவியலாளர்கள் சாலவேயும் மேயரும் விளக்கினார்கள். முதன்முதலாக வார்டு பயிற்சிக்கு வரும் மாணவிக்கு ஊசி போடுவது பழகிவிடும். வலியில் எரிந்து விழும் நோயாளியின் முன் முகம் சுண்டாமல் நிற்பதுதான் கடினம். நர்ஸுக்குச் ‘செவிலி’ என்பதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் இல்லை.