கற்சுவரோரப் பல்லாண்டுப் பாத்தி

கல்மதிலின் அடியில், ஆண்டுதோறும் வேரிலிருந்து துளிர்க்கும் செடிகளைக் கூட்டங்கூட்டமாக நட்டு, இலைகளின் வர்ணமும் வடிவமும் ஒன்றுக்கொன்று மாறுபட்டு நிற்பதனால் பருவம் முழுவதும் சோபை குன்றாதிருக்கும்படி அமைக்கப்படும் தோட்டப் பகுதி. பூ சில வாரங்களில் உதிர்ந்துபோக, இலையோ இளவேனிலில் விரிந்து பனி விழும்வரை நிலைத்திருப்பதால், இப்பாத்தியில் பிரதான ஸ்தானம் இலைக்கே உரியது.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் செல்வர் மாளிகைகளில், குளிர் தாங்காத செடிகளைக் கண்ணாடி மனைகளில் வளர்த்து, கோடையில் வெளியே கொணர்ந்து கம்பளம் விரித்தாற்போல் ஒரே உயரத்தில் பரப்பி, பருவம் முடிந்ததும் அகற்றிவிடும் வழக்கம் ஓங்கியிருந்தது. செஷயரிலுள்ள ஆர்லி மாளிகையில் 1840-களிலேயே பல்லாண்டுச் செடிகளுக்கெனத் தனிப் பாத்தி இருந்ததாயினும், கம்பளம்போல் பரப்பும் வழக்கத்தை வெளிப்படையாகக் கண்டித்து, நாட்டின் குளிரைத் தாங்கி நிலைத்து வாழும் செடிகளின் பெருமையை நாடறியச் செய்தவர் அயர்லாந்தில் பிறந்த வில்லியம் ராபின்சனே. அவருடைய 'இயற்கைத் தோட்டம்' 1870-இலும், 'ஆங்கிலப் பூந்தோட்டம்' 1883-இலும் வெளிவந்தன. ராபின்சன் செடியைத் தந்தார். அதைச் சித்திரமாக்கியவர் கெர்ட்ரூட் ஜீக்கில் அம்மையார் (1843–1932). 1861-இல் லண்டன் தென் கென்சிங்டன் கலைப்பள்ளியில் சேர்ந்து ஓவியம் பயின்ற இவர், கடுமையான கிட்டப்பார்வையினால் அத்தொழிலை விடநேர்ந்தபின், நுண்ணிய உருவங்களைக் காட்டிலும் வர்ணத்தின் பெரும் பரப்புகளில் மனத்தைச் செலுத்தினார். அருகருகே வைக்கப்பட்ட வர்ணங்கள் ஒன்றையொன்று மிகுவித்துக் காட்டும் என்று பிரெஞ்சு ரசாயன அறிஞர் செவ்ருல் 1839-இல் வெளியிட்ட கொள்கை இவர் பாத்தியிலும் மண்ணில் உருப்பெற்றது.

அப்பாத்தி சரே மாவட்டத்தில், தம் இல்லமான மன்ஸ்டெட் உட்டில் இவர் அமைத்தது. ஏறத்தாழ 200 அடி நீளமும் 14 அடி அகலமும் கொண்டது. பின்னே சுமார் 11 அடி உயர மணற்கல் மதில். மதிலுக்கும் பாத்திக்கும் இடையே ஒரு குறுகிய நடைவழி விட்டிருந்தமை மிகவும் போற்றத்தக்க யோசனை: மதிலையொட்டிய புதர்களைக் கவாத்துச் செய்யவும், பின்வரிசைச் செடிகளுக்கு முட்டுக் கொடுக்கவும் பாத்தியை மிதிக்காமலே முடிந்தது. இரு முனைகளிலும் சாம்பல், நீல வர்ண இலைகள். நடுவே செம்மையும் செம்மஞ்சளுமான பூக்கள். சாம்பலிலும் நீலத்திலும் தோய்ந்து வந்த கண்ணுக்கு நடுப்பகுதியின் கனல் இருமடங்காகத் தோன்றும். இப்பாத்தி பூவர்ணத்துக்காகவே பேசப்பட்டு வந்திருப்பினும், பூக்களற்ற நாட்களிலும் அதன் கட்டுக்கோப்பைக் காத்தவை முனைகளில் வாள்போல் நிமிர்ந்த யூக்காவும், அதன் அடியில் அகன்ற பளபளக்கும் இலைகளைப் படரவிட்ட பெர்ஜீனியாவுமே.

சாம்பல் இலைகளின் சுபாவம் அறியத்தக்கது. ஸ்டாகிஸ் என்னும் செடியின் இலையைக் கையிலெடுத்து உற்றுநோக்கினால், பச்சைத் தளத்தின்மேல் வெண்மயிரிழைகள் அடர்ந்திருப்பது தெரியும். அவை வெயிலைத் திருப்பியனுப்பி, நீராவி வெளியேறுவதைக் குறைக்கின்றன. மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டால் அடியிலுள்ள பச்சை மேலெழும். அருவதா, கடற்கரைக் கோசு ஆகியவற்றின் நீலச் சாயலோ மேற்பூசிய மெழுகினால் வருவது. மதில் பகலில் வெப்பத்தை உட்கொண்டு இரவில் வெளிவிடுவதாலும், அதன் அடிநிலம் மழை மறைவில் வறண்டிருப்பதாலும், வெயில் படும் சுவரோரம் இவற்றுக்கு இசைந்த இடம். ஸ்டாகிஸின் பூந்தண்டை எழும்போதே வெட்டிவிட்டால் இலைப்பரப்பு சிதையாதிருக்கும். சாண்டோலினா என்னும் சாம்பல் இலைப் புதரை இளவேனிலில் ஒட்ட நறுக்கவேண்டும். நிழல் விழும் வடபுறச் சுவருக்கு ஜப்பானிலிருந்து வந்த ஹோஸ்டாவின் அகன்ற இலையும் பெரணியின் பிளந்த இலையும் ஏற்றவை.

ஒரே பாத்தி ஆண்டு முழுவதும் பூத்துப் பொலியும் என்று ஜீக்கில் எண்ணியதில்லை. தம் பெரும்பாத்தியை ஜூலை நடுவிலிருந்து அக்டோபர்வரைக்கென்றே வகுத்து, இளவேனிலுக்கு வேறு தோட்டம் வைத்தார். பூத்தோய்ந்த இடத்தின் வெறுமையை மூடுவதற்கு, பாப்பி உலர்ந்த இடத்தில் ஜிப்சோபிலா படரும்படி முன்கூட்டியே நட்டார். இவை அனைத்தையும் தோட்ட வர்ணங்களைப் பற்றி 1908-இல் வெளியான தம் நூலில் விவரித்துள்ளார்.

இவருடைய வரைபடங்களுள் பெரும்பாலானவை இன்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. மன்ஸ்டெட் உட் 2023-இல், பாரம்பரிய இடங்களைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் வசம் வந்தது.