தோட்டாவும் குன்றிமணியும்

போன சனிக்கிழமை ஆபீஸ் நண்பர் ஒருவர் துப்பாக்கி சுடும் மைதானத்துக்குக் கூட்டிப் போனார். ஆயிரம் கெஜத்தில் இலக்கு. கடைத் தோட்டாவை அவர் தொடுவதில்லை, வீட்டிலேயே தயாரிக்கிறார். ஒவ்வொன்றுக்கும் மருந்தை 0.1 கிரெயின் சுத்தமாக நிறுத்துப் போடுகிறார். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். நம்மூர் ஆசாரியின் குன்றிமணியே இரண்டு கிரெயினுக்குக் கொஞ்சம் குறைவுதான். நகைக்கடன் பிரிவில் தராசு பிடித்த எனக்கே ஆச்சரியம்!

"மருந்து கூடினால் நல்லதுதானே?" என்றேன்.

"கூடுவதில் ஒன்றுமில்லை. எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். வேகம் மாறினால் அவ்வளவு தூரத்தில் குண்டு மேலேயோ கீழேயோ போய்விடும்" என்றார்.

குண்டின் வேகத்தை முதலில் ஒழுங்காக அளந்தது யார் என்று வீட்டுக்கு வந்து தேடினேன். பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். தொங்கும் கனமான ஊசலைச் சுட்டு, அது எவ்வளவு ஆடுகிறது என்பதை வைத்துக் கணக்குப் போட்டார். புத்தகம் வந்தது 1742-ல்.

வருஷத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்கு முந்தைய வருஷம்தான் குளச்சல் யுத்தம்! நெய்யாற்றின்கரையில் பலா மரப் பொந்தில் ஒளிந்து தப்பியதாகச் சொல்லப்படும் அதே மார்த்தாண்ட வர்மா, 1741-ல் டச்சுக்காரர்களை வென்றார். பிடிபட்ட டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்தார். உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்த்தார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு குண்டுக்கும் மருந்தைக் கையால்தான் இட்டுக் கெட்டிக்க வேண்டும். அளவு பிசகினால் குறியும் பிசகும்.

இரண்டு பேரும் கண்ணை மூடியது நம் மண்ணில்தான். கம்பெனிக் கோட்டைகளைச் சீரமைக்க வந்த ராபின்ஸ் 1751-ல் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்தார். டிலனாய் 1777-ல் காலமானார். உதயகிரியில் இருக்கும் அவருடைய கல்லறையில் லத்தீனோடு தமிழும் பொறித்திருக்கிறது.

நான் பாறசாலைக்காரன். 1956-ல் எல்லை பிரித்தபோது பலா மரம் கேரளத்துக்கு, கோட்டை தமிழ்நாட்டுக்கு. ஒரே கதை இரண்டு மாநிலமாகிவிட்டது. அப்பாவோடு நாகர்கோவில் போகும்போதெல்லாம் புலியூர்க்குறிச்சியில் அந்தக் கோட்டைச் சுவரை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் இறங்கியதில்லை. அப்பா இப்போது இல்லை.

அடுத்த லீவுக்குப் பிள்ளைகளோடு அங்கே கட்டாயம் இறங்கப்போகிறேன். ஊருக்குப் போனால் நீங்களும் இறங்கிப் பாருங்கள்.