கடைசல் பேனாவின் கதை

உங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் பழைய மைப்பேனா ஏதேனும் கிடக்கிறதா? கிடந்தால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு இக்கட்டுரையைப் படியுங்கள்.

என் பாட்டனார் போடிநாயக்கனூருக்கு மேலே, ஏலமலைத் தோட்டம் ஒன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். ஏலக்காய் எடையையும் ஆட்கூலியையும் பேரேட்டில் பதிந்த அவருடைய பேனா இன்று என்னிடம் இருக்கிறது. கையால் கடைந்தெடுத்த பேனா அது. கறுப்பிலும் செம்பழுப்பிலும் அலையலையாக வரிகள் ஓடும். அவை மேலே தீட்டிய சாயம் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அது தவறு.

எழுதுகருவியை அழகுறச் செய்வது நமக்குப் புதிதன்று. ஓலைச்சுவடிக் காலத்தில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி எனப் பல வகை எழுத்தாணிகள் இருந்தன. மடக்கெழுத்தாணியில் எழுதும் முனையோடு ஓலை வாரும் கத்தியும் பிடிக்குள் மடங்கும். அங்கே அழகும் பயனும் வெவ்வேறாக இல்லை.

மைப்பேனாவுக்கு உடல் தந்த பொருள் எபனைட். 1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறையைக் கண்டார். கந்தகத்தை நூற்றுக்கு ஏறத்தாழ முப்பது பங்கு வரை கூட்டினால் ரப்பர் மரம்போல் இறுகிவிடும். இதற்கு அவருடைய தம்பி நெல்சன் 1851-இல் காப்புரிமை பெற்றார். ஆய்வுக்கூடத்தில் கம்பளியில் தேய்த்து எதிர்மின்னூட்டம் பெறச் செய்கிறோமே, அந்தக் கருங்கோலும் எபனைட்தான்! 1884-இல் வாட்டர்மேன் அமெரிக்காவில் மைப்பேனாவுக்குக் காப்புரிமை பெற்றபின், இப்பொருள் பேனாவாக உலகெங்கும் பரவியது.

நம் நாட்டில் சுதேசி இயக்கம் இக்கைத்தொழிலுக்கு ஊக்கம் தந்தது. ராஜமுந்திரியில் கே. வி. ரத்தினம் செய்த பேனா ஒன்று காந்தியடிகளைச் சென்றடைந்தது. 1935-இல் அடிகள் அவருக்கு நன்றிக் கடிதம் எழுதினார். அப்பேனாவை அடிகளிடம் சேர்ப்பித்தவர் தஞ்சையில் பிறந்து, பிற்காலத்தில் மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் வாழ்ந்த ஜே. சி. குமரப்பா ஆவார்.

இனி வரிகளின் இரகசியத்தைக் காண்போம். இறுகுவதற்கு முன்பே, நிறம் வேறான ரப்பர்த் தகடுகளை அடுக்கி உருட்டி அழுத்துவார்கள். ஆகவே வரி, கோலின் உள்ளேயும் ஓடுகிறது. கடைசல்காரர் உளியால் அதை வெளிக்கொணர்கிறார். கோலை எந்த ஆழத்தில், எந்தச் சாய்வில் கடைகிறாரோ அதற்கேற்ப வரி மாறும். எனவே ஒன்றைப்போல் மற்றொன்று அமையாது.

அழகு இத்துடன் முடிவதில்லை. நிப்பைக் கழற்றி, அதன் கீழுள்ள நாக்கைப் பாருங்கள். சீப்பின் பற்கள்போல் மெல்லிய காடிகள் தெரிகின்றனவா? போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். அவ்வளவு ஏறினால் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறையும். பேனாவுக்குள் இருக்கும் காற்று அதே அளவில் விரிந்து மையை வெளியே தள்ளும். ஒன்றரை மில்லிலிட்டர் காற்று இருந்தால் மூன்று துளி மை! அதைத் தாங்கிப் பிடிப்பவை அந்தக் காடிகளே. அவற்றின் கொள்ளளவை மீறினால் சட்டைப்பை நனையும். என் பாட்டனாரின் சட்டைகளே சான்று. மலையேறும்போது நிப்பு மேல்நோக்கி இருந்தால், மைக்குப் பதில் காற்று வெளியேறிவிடும்.

இன்று போடியில் ஏலக்காய் ஏலம் கணினி வழியே நடக்கிறது. எழுதித் தீர்ந்ததும் எறியும் பேனாக்களே எங்கும் காணப்படுகின்றன. எனினும் திருவள்ளூரில் ரங்கா பேனா இன்றும் எபனைட் கோலிலிருந்து கையால் கடையப்படுகிறது. கேட்பார் இருந்தால்தான் கடைவாரும் இருப்பார்.

உங்கள் கையிலுள்ளது எபனைட் பேனாவா? விரலால் அழுத்தித் தேய்த்து முகருங்கள். கந்தக மணம் வரலாம். மூடியைத் திருகுங்கள். மூடியின் வரியும் உடலின் வரியும் ஒரே ஓட்டமாகச் சேர்கின்றனவா? சேர்ந்தால், ஒரே கோலிலிருந்து இரண்டையும் கடைந்து, அவை பொருந்தும் இடமறிந்து மரை வெட்டியிருக்கிறார் ஒருவர். அவர் பெயர் பேனாவில் இராது. அவருடைய கைத்திறன் இருக்கிறது. அதைக் காணக் கண்கள் வேண்டும்.